பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனால்

கிரைண்டர் ஷாக் அடிக்கிறது என்று புதுக்கோட்டையில் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. போன சித்திரையில், நல்ல கத்திரி வெயிலில். போய்ப் பார்த்தால் அந்த வீட்டு அக்கா கிரைண்டருக்கு முன்னால் ஒரு மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். "பலகையில நின்னா ஒண்ணும் தெரியல தம்பி. இறங்கித் தொட்டா சுருக்குனு இருக்கு" என்றார். இரண்டு மாதமாக இந்தக் கதைதான். கிரைண்டரைக் கடைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

கிரைண்டர் பாடியில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. சுவிட்சை அணைத்தேன், அப்போதும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், நின்றுவிட்டது. மறுபடி பிளக்கைச் செருகிவிட்டு, பக்கத்திலிருந்த பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். கிரைண்டரில் டெஸ்டர் எரியவில்லை.

கடைக்காரர் சொன்னது சரி. கிரைண்டரில் குறையே இல்லை. கசிந்தது பிரிட்ஜ். அந்தக் கசிவு பிரிட்ஜின் மூன்றாவது பின்னில் இறங்கி, சுவருக்குள் ஓடும் பச்சை எர்த் வயர் வழியாகக் கிரைண்டரின் மூன்றாவது பின்னில் ஏறி வந்திருக்கிறது. பச்சை வயர் மண்ணுக்குப் போயிருந்தால் இது நடக்காது. வீட்டு லைனெல்லாம் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே போனேன். கிணற்றடிக்குப் பின்னால் எர்த் குழி. மூடியைத் திறந்தால் எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்பு) உப்பில் அரித்து, போல்ட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே உதிர்ந்து கிடந்தது.

எர்த் இல்லாத வீட்டைவிட இப்படி அறுந்த எர்த் உள்ள வீடு மோசம். எர்த்தே இல்லையென்றால் கெட்டுப்போன சாமான் ஒன்றுதான் கடிக்கும். பாதியில் அறுந்திருந்தால் பிரிட்ஜ், கிரைண்டர், கீசர், சுவிட்ச் போர்டு ஆணி வரை எல்லாம் ஒன்றாகக் கைகோர்த்து நிற்கும். ஒன்றில் வந்தால் எல்லாவற்றிலும் வரும். அதனால் எர்த் என்றால் குழி என்று நினைத்து, அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சமையலறை சாக்கெட்டின் பித்தளைப் பின்னிலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை போகும் பாதை அது. எந்த இடத்தில் விட்டுப்போனாலும் மொத்தமும் வீண்தான்.

அந்தப் பாதை எப்படிப் போகிறது என்றால், நம் ஊர் வீடுகளுக்கு ஈபி கொடுப்பது கரண்ட் வரும் ஃபேஸும் அது திரும்பும் நியூட்ரலும் மட்டும். நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் அடியில் மண்ணில் இறக்கியிருப்பார்கள். நம் வீட்டுக்கு நாமே ஒரு குழி போடுகிறோம். சாமானின் பாடியில் ஃபேஸ் பட்டால், கரண்ட் பச்சை வயரில் ஓடி, நம் குழியில் இறங்கி, மண்ணுக்குள்ளேயே நடந்து டிரான்ஸ்பார்மர் குழியில் ஏற வேண்டும். நடுவில் இருப்பது மண். செம்புக் கம்பி இல்லை.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நான் அந்தக் கம்பியை மாற்றிவிட்டு குழியின் மின்தடையை அளக்கும் எர்த் டெஸ்டரில் பார்த்தபோது குழி 38 ஓம் காட்டியது. டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு 2 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 40 ஆல் வகுத்தால் 5.75 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து சப்ளையை அணைக்கும் சுவிட்ச்தான் எம்சிபி. கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தூசு, விழவே விழாது. சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் அதன் அளவைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். அதுவரை கீசர் பாடியில் 218 வோல்ட் நிற்கும், ஈரக் கையோடு தொடுபவருக்காக. சரி, குழியை 5 ஓமுக்கே கொண்டுவந்துவிட்டோம் என்றாலும் 33 ஆம்பியர்தான் ஓடும். அதற்கும் எம்சிபி நிதானமாகச் சூடேறித்தான் விழும்.

ஆகவே எர்த்தும் ஆர்சிசிபியும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஃபேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஆர்சிசிபி கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வேறு வழியில் போனால், மொத்த சப்ளையையும் வெட்டிவிடும். 38 ஓம் குழியே அதற்குத் தாராளம். எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி விழும். ஆனால் ஒரு ஆள் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கிய பிறகுதான் விழும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

குழி

எங்கள் பக்கம் மேலே ஒரு முழம் செம்மண், கீழே செம்புறாங்கல். கடப்பாரை டங் டங் என்று பேசும். இதே வேலையை மன்னார்குடிப் பக்கம் செய்திருக்கிறேன். களிமண்ணில், குழிக்குள் நடும் எர்த் பைப் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது, ரீடிங்கும் அழகாக வந்தது. மண்ணின் ஈரம்தான் எல்லாம். அதனால் குழிக்கு இடம் தேடும்போது வாஸ்து பார்ப்பதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள். டேங்க் வழியும் இடம், துணி துவைக்கும் கல்லின் ஓரம், ஏசி தண்ணீர் சொட்டும் மூலை எல்லாம் நல்லது. வீட்டு அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி தள்ளி இருக்கட்டும்.

எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043 என்று இந்தியத் தர விதி ஒன்று இருக்கிறது. அதன்படி ஜிஐ பைப் உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையக்கூடாது. கடையில் ஒன்றரை இஞ்ச் பைப் என்று கேட்டால் கொடுப்பார்கள். பக்கவாட்டில் ஆங்காங்கே 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டிருக்க வேண்டும். "அஞ்சடி பைப் போதும்ணே" என்று சொல்லும் ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். பாறையாக இருந்தால் ஆழத்துக்காக மல்லுக்கட்டாமல், கிடைத்த நல்ல இடத்தில் இன்னொரு பைப் இறக்கி இரண்டையும் இணையுங்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஐந்து மீட்டர் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நட்டால் இரண்டும் ஒரே மண்ணுக்குச் சண்டை போடும், பைப்புக்குக் கொடுத்த காசுதான் போகும்.

அடுப்புக்கரி அரையடி, உப்பு அரையடி என்று மாற்றி மாற்றி அடுக்குவது நம் ஊர் வழக்கம். முதல் வருடம் ரீடிங் பிரமாதமாக வரும். அப்புறம் உப்பு மழையில் கரைந்து போய்விடும். போகும்போது பைப்பையும் கம்பியையும் தின்றுவிட்டுப் போகும். கோட்டைப்பட்டினம், ஜகதாபட்டினம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு, குழியிலும் உப்பு. ஆறேழு வருடத்தில் பைப் சல்லடையாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். நான் இப்போதெல்லாம் பென்டோனைட் என்ற களிமண் மாவு கரைத்து ஊற்றுகிறேன். செலவு கொஞ்சம் கூடத்தான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பை உப்பு மாதிரி அரிக்காது.

பைப் தலையில் ஒரு புனல், சுற்றிலும் செங்கல் தொட்டி, மேலே திறக்கும்படி ஒரு மூடி. டைல்ஸ் போடுகிறவர் "பார்க்க நல்லால்ல சார்" என்று அதன்மேல் ஒட்டிவிட்டுப் போவார், விடாதீர்கள். அந்த அக்கா வீட்டிலும் மூடி மண்ணுக்குள் புதைந்துதான் கிடந்தது. பத்து வருடமாக யாரும் திறந்ததில்லை.

கம்பியின் முனையில் லக் (போல்ட் நுழையும் உலோக வளையம்) போட்டு, போல்ட், வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இந்த இணைப்பு மண்ணுக்குள் போகக்கூடாது, மூடியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். செம்பு வயரை நேராக ஜிஐ பைப்பில் சுற்றாதீர்கள். ஈரத்தில் செம்பும் துத்தநாகமும் ஒட்டி இருந்தால் துத்தநாகம் கரையும். வெள்ளீயம் பூசிய லக் வைத்தால் பிரச்சினை இல்லை. குழியிலிருந்து டிபி பாக்ஸுக்கு நான் இரண்டு கம்பி தனித்தனியாக இழுப்பேன். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று நிற்கும்.

டிபியும் பெட்டிகளும்

இங்கிருந்து வரும் வேலை வயர்மேன் சான்று உள்ளவருடையது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டோம் என்று யாராவது டிபியில் கை வைத்தால் முதல் கேள்வி "இன்வெர்ட்டர்?" என்பதுதான். மெயின் அணைந்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் விசுவாசமாக வேலையைத் தொடங்கிவிடும். லைட், பேன் லைனில் முழுசாக 230 வோல்ட் நிற்கும். அதையும் அணைத்து, டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடம் ஒன்றில் வைத்து அது நன்றாக எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். செத்த டெஸ்டர் எல்லா வயரையும் செத்த வயர் என்றுதான் சொல்லும்.

டிபிக்குள் இரண்டு பித்தளைப் பட்டைகள் இருக்கும். கறுப்பு வயர்கள் போவது நியூட்ரல் லிங்க், பச்சை வயர்கள் போவது எர்த் லிங்க். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவே கூடாது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அவங்க மெயின் பேனல்ல ரெண்டையும் சேர்க்குறாங்களே" என்று ஒரு தம்பி கேட்டார். அங்கே சப்ளை ஏற்பாடே வேறு, சேர்த்துத்தான் ஆக வேண்டும். இங்கே சேர்த்தால், கம்பத்தில் நியூட்ரல் கழன்று விழும் ஒரு காற்று நாளில் வீட்டிலுள்ள பல்பு, டிவி வழியாக ஃபேஸ் திரும்பி வந்து எல்லா சாமான் பாடியிலும் ஏறி உட்காரும். இதைவிட மோசம், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் ஒரு துண்டு வயர் போட்டுவிட்டு "எர்த் குடுத்தாச்சு" என்று காசு வாங்கிக்கொண்டு போவது. பழைய வீட்டில் மூன்று பின் சாக்கெட் புதிதாக இருந்தால் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக்கு இரண்டு மூன்றிலாவது அந்தத் துண்டு வயரை நான் பார்த்துவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் சுவிட்ச் போர்டு மரப்பெட்டி, மேலே சன்மைக்கா. பெட்டிக்கு எர்த் தேவைப்படவில்லை. இப்போது சுவருக்குள் இரும்புப் பெட்டி. முன்தகட்டைப் பிடிக்கும் ஆணி நேராக அந்தப் பெட்டியில்தான் இறங்குகிறது. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உரசிப் பெட்டியைத் தொட்டால், சுவிட்ச் போடும் விரலுக்கு அரை இஞ்ச் தள்ளி ஆணித்தலையில் 230 வோல்ட் இருக்கும். பெட்டிக்குள் எர்த்துக்கென்று ஒரு ஆணி உண்டு. அதைச் சுற்றி உள்ள பெயிண்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு, பச்சை வயரை வைத்து முறுக்க வேண்டும். பெயிண்டின் மேலேயே முறுக்கினால் இணைத்ததும் ஒன்று, இணைக்காததும் ஒன்று.

ஒரு சாக்கெட்டிலிருந்து அடுத்ததற்குப் பச்சை வயர் தாவிப்போகும் இடத்தையும் கவனியுங்கள். வரும் வயரும் போகும் வயரும் சாக்கெட்டின் ஒரே ஆணியில் இருந்தால், நாளைக்கு யாராவது அந்த சாக்கெட்டைக் கழற்றியதும் அதற்கு அப்பால் உள்ள அத்தனை சாக்கெட்டும் அநாதை. இரண்டையும் சேர்த்து முறுக்கி, அதிலிருந்து தனியாக ஒரு வால் எடுத்து சாக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாலை ஃபேஸ், நியூட்ரல் வயர்களைவிட ஒரு விரல் நீளமாக விடுவேன். யாராவது பிளக்கோடு சாக்கெட்டைப் பிடுங்கி இழுத்தால் ஃபேஸ் முதலில் கழன்று, எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதும் இதற்காகத்தான், உள்ளே போகும்போது முதலில் தொட்டு, வரும்போது கடைசியில் விடும். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் எர்த் மேலே, ஃபேஸ் வலது கைப் பக்கம், நியூட்ரல் இடது. பச்சை வயரின் தடிமன் ஃபேஸ் வயருக்குச் சமமாக இருக்கட்டும். லைட்டுக்கு 1.5, சாக்கெட்டுக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் லைட் டிசைனில் பிடியுங்கள்.

சோதனை

ஆர்சிசிபியில் டி என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். ஆனால் அது விழுந்ததால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். குழியே இல்லாத வீட்டிலும் அது விழும்.

பச்சை வயரைச் சோதிக்க, மெயினும் இன்வெர்ட்டரும் அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை நீள வயர் மூலம் டிபியின் எர்த் லிங்கில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் பின்னிலும் வைத்துக்கொண்டே போகலாம். நீள வயரின் ஓமைக் கழித்துவிட்டால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். பேன், கீசர் பாடி, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, டிபியின் கதவு எதையும் விடாதீர்கள்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் 230 காட்டியது, ஆகவே எர்த் ஓகே என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். மல்டிமீட்டர் எடுக்கும் கரண்ட் கடுகளவு. ஆயிரம் ஓம் குழியிலும் அது 230 காட்டும். பழைய ஆட்கள் அந்த இரண்டுக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். அது 0.43 ஆம்பியர் இழுப்பதால் குழி 40 ஓம் என்றால் வோல்ட் ஒரு 16 குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மோசம். புத்திசாலித்தனமான வழிதான், ஆனால் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து ஃபேஸ் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது விழுந்துவிடும். எர்த் அறுந்திருந்தால் பல்பு மாட்டிய அந்த நொடியில் வீட்டிலுள்ள அத்தனை இரும்பிலும் சப்ளை ஏறும், தொட்டவரைக் கொல்லும் அளவுக்கு. சமையலறையில் யார் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் இதைச் செய்யக்கூடாது. எனக்கு எர்த் டெஸ்டர்தான் பிடிக்கும். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, வீட்டுக் கம்பியைக் குழியிலிருந்து கழற்றி, ஒரே நேர்கோட்டில் 20 மீட்டரில் ஒரு முளை, நடுவில் 12 மீட்டர் வாக்கில் இன்னொன்று அடித்து ரீடிங் எடுப்பேன். நடுமுளையை ஒரு மீட்டர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்திப் பார்த்தும் ரீடிங் மாறாவிட்டால் அது நம்பத்தக்கது. வீட்டுக்கு 5 ஓமுக்குள் வந்தால் சந்தோஷம். செம்புறாங்கல்லில் வராது. அங்கே ஆர்சிசிபி இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா வீட்டில் ஆர்சிசிபியை மாட்டி லீவரை மேலே தூக்கினேன், உடனே விழுந்தது. "புதுசே கெட்டுப்போச்சா?" என்றார் வீட்டுக்காரர். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியதும் விழாமல் நின்றது. பின்னால் கம்ப்ரஸர் பக்கம் எலி வயரைக் கடித்து, செம்பு தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்த பிறகும், மாடி லைட்டைப் போட்டால் மட்டும் விழுந்தது. இது கசிவு இல்லை. மாடி லைட்டின் நியூட்ரலை யாரோ ஒருவர் இன்வெர்ட்டரின் நியூட்ரலோடு சேர்த்து வைத்திருந்தார். போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் ஆர்சிசிபி விழத்தான் செய்யும். பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து, "இது தொல்லை சார்" என்று ஆர்சிசிபியையே நேராக வயர் போட்டுத் தாண்டிவிடுவார்கள். நியூட்ரலைப் பிரிக்க எனக்கு அரை நாள் பிடித்தது. அரை நாள் கூலியும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் துவைக்கும் கல் பக்கம் இரண்டாவது பைப் இறக்கினேன், 21 ஓமுக்கு வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் வேறு வேலையாகப் போனபோது மூடியைத் திறந்து பார்த்தேன், 12. மூடியின் உள்பக்கம் பெயிண்டால் தேதியும் ரீடிங்கும் எழுதியிருக்கிறேன். சித்திரையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் புனலில் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். மணைப்பலகை சாமி ரூமுக்குப் போய்விட்டது.